நாப்பத்தெட்டு நாள் நோயாளி

உக்காருங்க அண்ணாச்சி. இந்த பெஞ்சுதான். உள்ள விடமாட்டாக. நாலு மணி நேரம் ஆகும், கொஞ்சம் கூடவும் ஆகலாம். யாருக்கு, அம்மாவுக்கா? மொத தடவையா? அப்படித்தான் இருக்கும். அந்த மிஷினையும் குழாயில ஓடுற ரத்தத்தையும் பாத்தா நமக்குப் பயமாத்தான் இருக்கும். அப்புறம் பழகிரும். அவுகளுக்கும் பழகிரும், நமக்கும் பழகிரும்.

என் பேரு செந்தூர்பாண்டி. உப்பளத்து வேலை. வேம்பாருக்கு இங்கிட்டு ஊரு. உள்ள கெடக்குறது என் வீட்டுக்காரி, சண்முகக்கனி. ஜன்னல்ல இருந்து மூணாவது கட்டில். செவ்வாய், வெள்ளி, வாரம் ரெண்டு தடவை. ஏழு மாசமாச்சு.

எனக்கு ஒண்ணும் இல்ல. அதை மொதல்லயே சொல்லிருதேன். இங்க வர்ற போற ஆளுக எல்லாம் என் மொகத்தைப் பாத்துட்டு, உங்களுக்கா டயாலிசிஸ்னு கேக்காக. எனக்கு இல்ல. என் கிட்னி நல்லா இருக்குன்னு மெட்ராஸ்ல பாத்துச் சொன்ன காயிதமே இருக்கு. ஆனா நாப்பத்தெட்டு நாளு நான் நோயாளியா இருந்தேன் அண்ணாச்சி. நோய் இல்லாத நோயாளி. மாலை போட்ட சாமி மாதிரி ஒரு மண்டலம். இருக்க வச்சது யாரு? இந்தா உள்ள கெடக்காளே, இவதான். அது எனக்கு இன்னும் ஆறல. நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க.

போன வருசம் மாசி மாசம். அளத்துல அப்பத்தான் உப்பு எறங்க ஆரம்பிச்சிருந்துச்சு. மெட்ராஸ்ல இருந்து ஆராய்ச்சிக்காரங்க வந்தாக. உப்பளத்துல வேலை பாக்குற சனங்களுக்கு ஏன் கிட்னி கெடுது, வெயிலாலயா, தண்ணி குடிக்காததாலயான்னு பாக்கப்போறாகளாம். ஊருக்குள்ள வீடு வீடா வந்தது ஜெபசீலி. எங்க ஊருப் புள்ளதான். நர்சு படிப்பு முடிச்சிட்டு வீட்டுல இருந்துச்சு, அவுக வேலைக்கு வச்சுக்கிட்டாக. ஆளுக்கு ஒரு வெள்ளை டப்பா, செவப்பு மூடி. மேல பேரு ஒட்டியிருக்கும். காலையில எந்திரிச்சதும் வர்ற மொத ஒண்ணுக்கை அதுல பிடிச்சுக் குடுக்கணும். அதை ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே அனுப்பிருவாக.

எனக்குக் கோவம் வந்துச்சு. ஒரு பொம்பளைப் புள்ளை கையில மூத்திரத்தைக் குடுக்குறதா? ரத்தம் எடுத்துட்டுப் போ தாயின்னேன். அது சிரிச்சுக்கிட்டு உக்காந்து வெளக்கமாச் சொன்னுச்சு. நம்ம ஒண்ணுக்குல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்னப் பையா மெதக்குமாம். கிட்னியில இருக்க ஒவ்வொரு உயிரணுவும் அந்தப் பையை உதுத்துக்கிட்டே இருக்குமாம். அதைப் பிரிச்சு எடுத்து மிஷின்ல பாத்தா, எந்த எடத்துல இருந்து உதுந்து வந்த பை, அந்த எடம் நல்லா இருக்கா, புண்ணாகிக் கெடக்கான்னு தெரிஞ்சிருமாம். "ரத்தத்துல தெரியுறதுக்கு வருசக்கணக்கு ஆகும் அண்ணே. பாதி கெட்ட பெறகுதான் ரத்தம் சொல்லும். இது முன்கூட்டியே சொல்லிரும்"னுச்சு.

கனி அப்ப அடுப்படியில நின்னா. அங்கருந்தே கேட்டா, "அதுல வேற என்னெல்லாம் தெரியும் சீலி? குடிச்சாத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும்க்கா"ன்னு ஜெபசீலி சிரிச்சுச்சு. வெளையாட்டாச் சொன்னுச்சு. நானும் சிரிச்சேன்.

டப்பா எனக்கு மட்டுந்தான் வந்துச்சு. கனிக்கு வரல. ஏன்னா அளத்து ஆஜர்ப் புஸ்தகத்துல இருக்க பேருக்குத்தான் டப்பா. நாங்க ஜோடி வேலை. நான் பாத்தியில உப்பை வாரி ஒதுக்குவேன், அவ தலையில சுமந்து மேட்டுல கொட்டுவா. புஸ்தகத்துல என் பேருதான் இருக்கும். எந்தப் பொம்பளை பேரும் இருக்காது. அது அங்க வழக்கம், அதுல ஒண்ணும் தப்பில்ல. வேலை பாக்குறது பாக்குறதுதான, பேரு இருந்தா என்ன இல்லாட்டி என்ன.

நான் டப்பாவுல பிடிச்சேன் அண்ணாச்சி. அதை நல்லாக் கேட்டுக்கிடுங்க. மொத நாள் சாயங்காலம் கொஞ்சம் குடிச்சிருந்தேன், அது நெசம். அப்ப தினமும் கொஞ்சம் உண்டு. வெயில்ல நின்னு கால் எரியுறவனுக்கு அது இல்லாம முடியாது. ஆனா காலையில எந்திரிச்சேன், பிடிச்சேன், மூடியைத் திருகினேன், தொட்டித் திண்டுல வச்சுட்டு டீக்கடைக்குப் போயிட்டேன். அதோட என் பொறுப்பு முடிஞ்சுது. நான் யாரையும் ஏமாத்தல. திரும்பி வந்தப்ப டப்பா இல்ல. "சீலி வந்தாளா?"ன்னேன். "வந்தா, வாங்கிட்டுப் போயிட்டா"ன்னா கனி. சோத்துச் சட்டியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டோம்.

பங்குனி கடைசியில ஜெபசீலி வந்துச்சு. சாயங்காலம். எப்பவும் வாசல்ல இருந்தே சத்தம் குடுக்குற புள்ள, அன்னைக்கு உள்ள வந்து நின்னுச்சு. "அண்ணே, டாக்டரம்மா உங்களை வரச்சொன்னாங்க. ரிசல்ட்டு வந்திருக்கு. கிட்னியில புண்ணு ஆரம்பிச்சிருக்காம். பயப்படாதீங்க, சீக்கிரமே பிடிச்சாச்சு."

கனி மீன் ஆஞ்சுக்கிட்டு இருந்தா. கையில இருந்த மீனைச் சட்டியில போட்டா. எந்திரிச்சு வந்தா. கையைச் சேலையில தொடைச்சிட்டுக் காயிதத்தை வாங்கிப் பாத்தா. எட்டாவது வரைக்கும் படிச்சவ. "இவுக டப்பாதானா சீலி? மாறியிருக்காதே?"ன்னு கேட்டா.

"நானே ஒட்டுன பேருக்கா. மாறாது."

கனி அழல. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. காயிதத்தை மடிச்சு எங்கிட்ட குடுத்துட்டு, திரும்பப் போய் உக்காந்து மிச்ச மீனை ஆஞ்சா. என்ன கல்லு நெஞ்சுடி ஒனக்குன்னு மனசுக்குள்ள நினைச்சேன். புருசனுக்குக் கிட்னி போச்சுங்கிறாக, இவ செதில் சொரண்டுதா.

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். டாக்டரம்மா பேரு தமயந்தி. வயசு நாப்பதுக்குள்ளதான் இருக்கும். தங்கமான பொம்பளை. என்னை ஐயா ஐயான்னுதான் பேசுவாக. ரத்தம் எடுத்துப் பாத்தாக. ரத்தத்துல எல்லாம் சரியா இருந்துச்சு. "அப்ப எனக்கு ஒண்ணும் இல்லியா?"ன்னேன். "இப்ப இல்ல ஐயா. நாங்க எதிர்பாக்கறதே இதுதான். ரத்தத்துல வர்றதுக்கு முன்னாடி அந்தப் பைகள் சொல்லுது. இப்பவே கவனிச்சா நிப்பாட்டிரலாம்"னாக. குடிக்கவே கூடாது. நாளைக்கு நாலு லிட்டர் தண்ணி. வெயில்ல வேலை பாக்கக்கூடாது. வலி மாத்திரை, கடையில வாங்கிப் போடுற மாத்திரை எதையும் தொடக்கூடாது. அஞ்சு வாரம் கழிச்சுத் திரும்ப ஒரு டப்பா.

எல்லாம் சொல்லி முடிச்ச பெறகு கனி கேட்டா, "ஏம்மா, இது பொம்பளைங்களுக்கும் வருமா?"

எனக்கு எரிச்சலா வந்துச்சு. நான் உக்காந்திருக்கேன், என் வியாதியைப் பத்திப் பேசுதாக, இவளுக்கு ஊருப் பொம்பளைக கவலை. டாக்டரம்மா பொறுமையாச் சொன்னாக. "வரும்மா. ஆம்பளைங்களை விடப் பொம்பளைங்க இன்னும் கம்மியாத்தான் தண்ணி குடிக்கறீங்க. ஒதுங்க எடம் இல்லன்னு குடிக்கறதே இல்ல. நீங்களும் அளத்துலதான் வேலை பாக்கறீங்களா? உங்க பேரு என் லிஸ்ட்ல இல்லையே."

"நான் இவுக பேருலதாம்மா"ன்னா கனி.

"அப்ப ஒரு நாள் வந்து ரத்தம் குடுத்துட்டுப் போங்க."

"சரிம்மா"ன்னா. போகல. நானா போகாதன்னு சொன்னேன்? சொல்லல. அப்ப சீசன் உச்சம். நான் வேற படுத்துட்டேன். ஆனாலும் ஒரு நாள் போயிருக்கலாம்ல. போகல.

அளத்துப் பொம்பளைக எல்லாரும் வலி மாத்திரை போடுவாக. காலையில பஸ் ஸ்டாப்பு மெடிக்கல்ல வாங்கி முந்தானையில முடிஞ்சுக்கிடுவாக. கழுத்து வலி, இடுப்பு வலி, தலையில பாரம் நிக்கணும்ல. கனியும் அப்படித்தான், எத்தனையோ வருசமா. டாக்டரம்மாவைப் பாத்துட்டு வந்த அன்னைக்கு முந்தானையை அவுத்து அந்த மாத்திரையை எல்லாம் வேலிக்கு அங்குட்டு வீசிட்டா. நான் தப்பித்தவறி எடுத்துப் போட்டுரக்கூடாதுன்னு வீசுதான்னு நினைச்சேன். ரெண்டு வாரம் அவளும் போடாமத்தான் இருந்தா. அப்புறம் திரும்பப் போட ஆரம்பிச்சா. என் பங்கையும் சேத்து அவதான பாக்கணும். கங்காணி, ஜோடியில ஒராளு கொறைஞ்சா எடத்தை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னுட்டாரு. காலையில அவளே வாருவா, அவளே சுமப்பா. மாத்திரை இல்லாம எப்படி முடியும்?

அந்த நாப்பத்தெட்டு நாளைப் பத்திச் சொல்லணும்.

நான் குடிக்கல. ஒரு சொட்டுக் குடிக்கல. பயம் அண்ணாச்சி. கண்ணை மூடுனா உள்ள என்னமோ உதுருற மாதிரி இருக்கும். மொதப் பத்து நாளு கையெல்லாம் ஒதறுச்சு, வேர்த்துச்சு. கனி ஈரத்துணி வச்சுத் தொடைச்சா. தண்ணியை அளந்து சொம்புல ஊத்தி வச்சுட்டுப் போவா. வேலையை விட்டு வந்ததும் சொம்பைத்தான் மொதல்ல பாப்பா. மிச்சம் இருந்தா, "இதைக் குடிச்சாத்தான் சோறு"ம்பா. உப்பில்லாத கொழம்பு தனியா வைப்பா. உப்பளத்துக்காரன் வீட்டுல உப்பில்லாத கொழம்பு, பாத்துக்கிடுங்க.

பத்து நாளுக்கு அப்புறம் தெளிஞ்சிருச்சு. தினமும் சவரம் பண்ணேன். காலையில குழாயடிக்குப் போய் ரெண்டு குடம் தண்ணி பிடிச்சு வச்சேன். கல்யாணமாகி இருபத்தாறு வருசத்துல நான் குழாயடிக்குப் போனதே இல்ல. பொம்பளைக எல்லாம் வழி விட்டு நின்னாக. ஒரு நாள் ரசம் வச்சேன். சாயங்காலம் அவ வந்ததும் ரெண்டு பேரும் வாசப்படியில உக்காருவோம். என்னத்தையாவது பேசுவா. அளத்துல யாரு என்ன சொன்னா, எந்தப் பாத்தியில உப்பு நல்லா வெளைஞ்சிருக்கு, அப்படி. நான் கேப்பேன். அவ அவ்வளவு பேசுவான்னே எனக்கு அப்பத்தான் தெரியும்.

ஒரு நாள் அவ தங்கச்சிகிட்ட போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு. "இப்பல்லாம் அவுக வீட்டுலதான் இருக்காக. நல்லா இருக்காக. நாங்க நல்லா இருக்கோம்டி"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. இங்க ஒருத்தன் சாகக் கெடக்கான், நல்லா இருக்கோங்கிறா. கேக்கல. கேக்குற தெம்பு இல்ல.

அவ கால் வீங்கிருந்ததைப் பாத்தேன். பாக்கலன்னு சொல்லல. "என்னட்டி காலு இப்படி இருக்கு?"ன்னு கேட்டேன். "உப்புத் தண்ணியில நின்னது"ன்னா. ரெண்டு நாளு வாந்தி எடுத்தா. "வெயிலு"ன்னா. அவ சொன்னா நான் நம்பாம என்ன செய்ய? நான்தான் நோயாளி. நோயாளிதான் மத்தவகளைப் பாக்கணுமா?

வைகாசியில ரெண்டாவது டப்பா. அன்னைக்குச் சுகாதார நிலையத்துக்கே வரச்சொல்லி, அங்கயே கக்கூசுக்கு அனுப்பி, வெளிய ஆளை நிக்க வச்சு வாங்கிட்டாக. பன்னெண்டு நாள்ல கூப்பிட்டுவிட்டாக. ரெண்டு பேரும் போனோம். கனி வெளிய பெஞ்சுல உக்காந்துக்கிட்டா, என் தண்ணி பாட்டிலை மடியில வச்சுக்கிட்டு. நான் மட்டும் உள்ள போனேன்.

டாக்டரம்மா ரெண்டு காயிதத்தைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாக. "ஐயா, உங்களுக்கு அடிவயித்துல எப்பவாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"ன்னு கேட்டாக.

"இல்லம்மா."

"ஆம்பளைங்களுக்கு மட்டும் இருக்கற சுரப்பி ஒண்ணு, புராஸ்டேட்டுன்னு சொல்லுவோம். அதை எடுத்திருக்காங்களா?"

"எந்தச் சுரப்பியையும் எடுக்கல."

அவுக ரெண்டு காயிதத்தையும் எம்பக்கமாத் திருப்புனாக. அப்புறம் மெதுவாச் சொன்னாக. "ஆம்பளைங்க சிறுநீர்ல கிட்னி உதிர்க்கற பை மட்டும் இல்ல ஐயா, அந்தச் சுரப்பி உதிர்க்கற பையும் கலந்து வரும். இப்ப நீங்க குடுத்ததுல நிறைய இருக்கு. மாசியில குடுத்ததுல ஒண்ணுகூட இல்ல. எங்க பக்கம் தப்பான்னு திரும்பவும் பாத்தோம். தப்பு இல்ல. மாசியில வந்தது உங்களுது இல்ல ஐயா. அது ஒரு பொம்பளையோடது."

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு அண்ணாச்சி. என்ன செய்ய, வந்துருச்சு. "அப்ப எனக்கு?"ன்னேன்.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல. உங்க கிட்னி ரெண்டும் நல்லா இருக்கு."

எந்திரிச்சுக் கையெடுத்துக் கும்புட்டேன். உடம்புல இருந்து ஒரு மூட்டை எறங்குன மாதிரி இருந்துச்சு. ஆனா அவுக சிரிக்கல. "அந்த டப்பாவுல குடுத்தவங்க யாருன்னு எனக்கு உடனே தெரியணும். அவங்களுக்கு ரெண்டு மாசமா எந்தக் கவனிப்பும் இல்ல"ன்னாக. சொல்லிட்டு வாசலைப் பாத்தாக. அங்க கனி இருந்தா.

கூப்பிட்டாக. வந்தா. உக்காரச் சொன்னாக, உக்காரல. பாட்டிலைப் பிடிச்சபடியே நின்னா.

"மாசியில டப்பாவுல வச்சது நீங்களாம்மா?"

"ஆமாம்மா"ன்னா. உடனே சொல்லிட்டா, கேக்குறதுக்காகவே காத்திருந்த மாதிரி. "அவுக மொத நாளு குடிச்சிருந்தாக. டப்பாவைத் திறந்தா வாடை வந்துச்சு. மிஷின்ல தெரிஞ்சு, கங்காணி காதுக்குப் போயி, பேரை எடுத்துருவாகன்னு பயந்தேன். கொட்டிட்டு நான் வச்சேன்."

"சரிம்மா. அது பரவால்ல. ஆனா ரிசல்ட் வந்த அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமே. அது உங்களுக்கு வந்த நோயின்னு."

"தெரியும்."

"அப்புறம் ஏம்மா சொல்லல?"

கனி என்னைப் பாக்கல. டாக்டரம்மாவைத்தான் பாத்தா. "அவுக குடிக்காம இருந்தாகம்மா"ன்னா.

அவ்வளவுதான் சொன்னா. டாக்டரம்மா பேனா மூடியைத் தேடுனாக. அது அவுக கையிலயேதான் இருந்துச்சு.

இப்பச் சொல்லுங்க அண்ணாச்சி. ஒரு வெளி மனுசி முன்னாடி சொல்ற பேச்சா அது? மூத்திரத்தை மாத்தி வச்சா, போகட்டும், எனக்காகச் செஞ்சா. ஆனா நாப்பத்தெட்டு நாளு என்னைச் சாவுப் பயத்துல படுக்க வச்சாளே. நான் ராத்திரியெல்லாம் முழிச்சுக் கெடந்தேனே, பக்கத்துலதான படுத்திருந்தா. ஒரு வார்த்தை, உங்களுக்கு இல்ல, எனக்குன்னு ஒரு வார்த்தை. சொல்லல. எனக்குச் சொம்புல தண்ணி ஊத்தி வச்சுட்டு அவ வறட்டுத் தொண்டையோட வெயில்ல நின்னிருக்கா. நானா நிக்கச் சொன்னேன்?

அன்னைக்கே அவளுக்கு ரத்தம் எடுத்தாக. நம்பர் என்னன்னு எனக்கு ஞாபகம் இல்ல. இருக்கவேண்டியதை விட நாலு மடங்கோ என்னமோ. டாக்டரம்மா திட்டல. ரெண்டு மாசத்துக்கு முன்னாடின்னு ஆரம்பிச்சாக, அதை முடிக்கல. பெரியாஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்தாக. நாளைக்கே போகணும்னாக.

பஸ்ஸு ஏறுனோம். ஊர்ல இறங்குனோம். அவ வீட்டுப் பக்கம் திரும்புனா, நான் கடைப் பக்கம் திரும்புனேன். அவ ஒரு நிமிசம் நின்னா. நிக்குதான்னு தெரிஞ்சுச்சு, நான் திரும்பல. அப்புறம் நடந்து போற சத்தம் கேட்டுச்சு. செருப்புச் சத்தம். நான் அவளை அடிக்கல. ஊர்ல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, அன்னைக்கு நான் கையை ஓங்கல, ஏசல. குடிச்சேன், வீட்டுக்கு வந்தேன், படுத்தேன். அவ்வளவுதான். டாக்டரம்மாவே என் கிட்னி நல்லா இருக்குன்னு சொன்ன பெறகு குடிக்கிறதுக்கு என்ன?

தண்ணிச் சொம்பு எப்பவும் போல தலைமாட்டுல இருந்துச்சு. ஊத்தி வச்சிருந்தா. ஏன் ஊத்தி வச்சான்னு எனக்குத் தெரியல.

இங்க குடுத்த மாத்திரையில அஞ்சு மாசம் ஓட்டுனா. ஐப்பசியில இந்த மிஷின்ல படுக்க வச்சுட்டாக. மழைக்கு அளம் அடைச்ச நேரம். அதுல இருந்து செவ்வாய், வெள்ளி. நான் ஒரு தடவை கூட வராம இருந்ததில்ல. சில நாளு காலையிலயே கொஞ்சம் போட்டுட்டு வருவேன், அதை மறைக்கல. ஆனா வருவேன். பையைத் தூக்குவேன், சீட்டு வாங்குவேன், இந்த பெஞ்சுல உக்காருவேன். உள்ள அவ பக்கத்துக் கட்டில் பொம்பளைகளோட பேசிச் சிரிக்குறது இங்க வரைக்கும் கேக்கும். நான் கதவுகிட்டப் போனா நின்னுரும்.

இப்ப ஊர்ல பொம்பளைகளுக்கும் டப்பா குடுக்காக. டாக்டரம்மா அளத்து ஆஜர்ப் புஸ்தகத்தைத் தூரப் போட்டுட்டு, வீடு வீடாப் போய்ப் பேரு எழுதச் சொல்லிட்டாக. எட்டுப் பொம்பளைகளுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சு போச்சாம். ஜெபசீலி சொன்னுச்சு. அந்த எட்டுப் பேரும் கனியை வழியில பாத்தா நின்னு கையைப் பிடிச்சுக்கிடுதாக. என்னைப் பாத்தா வேற பக்கம் பாத்துக்கிட்டுப் போறாக. நான் என்ன செஞ்சேன்?

நீங்க என்ன கேக்க நினைக்கீகன்னு எனக்குத் தெரியும். எல்லாரும் அதைத்தான் கேக்காக.

மார்கழியில இங்க டாக்டரு கூப்பிட்டுச் சொன்னாரு. இப்படியே மிஷின்ல ஓட்டிக்கிட்டு இருக்க முடியாது, வீட்டுல யாராவது ஒரு கிட்னி குடுத்தா நல்லா இருப்பாகன்னு. எங்களுக்கு ஒரே மக. விளாத்திகுளத்துல கட்டிக் குடுத்திருக்கு, கைப்புள்ளைக்காரி. அது குடுக்கேன்னு வந்து நின்னுச்சு. கனி ஒரே பிடியாக் கூடாதுன்னுட்டா. எனக்கு ரத்தம் பாத்தாக. ரெண்டு பேருக்கும் ஒரே குரூப்பு. எனக்குச் சர்க்கரை இல்ல, பிரஷர் இல்ல. "குடியை மட்டும் நிறுத்திட்டு வாங்க, மத்த டெஸ்டெல்லாம் பாத்துருவோம்"னாரு.

யோசிச்சுச் சொல்லுதேன்னேன்.

இப்ப வைகாசி. யோசிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். குடுக்க மாட்டேன்னு நான் சொல்லல அண்ணாச்சி. அதை யாரும் சொல்ல முடியாது. நான் அப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்ல. நாளைக்கு நிறுத்தணும்னு தினமும் நினைக்கேன். பயம் இருந்தப்ப நிறுத்த முடிஞ்சுது. இப்ப பயம் இல்ல. பயம் இல்லாம எப்படி நிறுத்துறதுன்னு எனக்குத் தெரியல. இதைப் போய் டாக்டருகிட்ட சொன்னாச் சிரிப்பாரு. உங்ககிட்டச் சொல்லுதேன், நீங்க சிரிக்கல.

இவ எங்கிட்டக் கேக்கவும் மாட்டேங்கிறா. ஒரு தடவை, "எனக்கு ஒண்ணு குடுங்க"ன்னு வாயைத் திறந்து கேட்டா என்னவாம்? கேட்டா நான் இல்லன்னா சொல்லிருவேன்?

போன வெள்ளிக்கெழமை ஒண்ணு நடந்துச்சு. அதைத்தான் இவ்வளவு நேரமாச் சொல்ல வந்தேன், எங்கெங்கயோ போயிட்டேன். மேல மாடியில ஒரு ரூம் இருக்கு. செத்துப்போனவக கிட்னியை எடுத்து மத்தவகளுக்கு வைக்கிறாகல்ல, அதுக்குப் பேரு பதியுற எடம். வரிசை வர வருசக்கணக்குல ஆகுமாம். கனி தானே போய்ப் பதியுதேன்னு கெளம்பிட்டா. நானும் பையைத் தூக்கிக்கிட்டுப் பின்னாலயே போனேன். ஒரு சின்னப் புள்ள கம்ப்யூட்டரு முன்னாடி இருந்துச்சு. பேரு கேட்டுச்சு, வயசு கேட்டுச்சு, ஊரு கேட்டுச்சு. எல்லாத்துக்கும் கனிதான் பதில் சொன்னா.

அப்புறம் அந்தப் புள்ள கேட்டுச்சு, "குடும்பத்துல குடுக்கறதுக்கு யாராவது இருக்காங்களாம்மா?"

கனி என்னைத் திரும்பிப் பாக்கல. பாத்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன். "யாரும் இல்லம்மா"ன்னா. கோவமாச் சொல்லல. வருத்தமாவும் சொல்லல. அதுக்கு முன்னாடி ஊரு பேரைச் சொன்னாளே, அதே மாதிரி சொன்னா.

அந்தப் புள்ள தலையைத் தூக்கி என்னைப் பாத்துச்சு. "இவரு யாரும்மா?"ன்னு கேட்டுச்சு.

"கூட வந்திருக்காக"ன்னா கனி.

நான் வாயைத் திறக்கல. கையில பை இருந்துச்சு. அந்தப் புள்ள ஒரு நிமிசம் பாத்துச்சு, நான் ஏதாவது சொல்லுவேன்னு நினைச்சிருக்கும். அப்புறம் தட்டிவிட்டுட்டு அடுத்த கேள்விக்குப் போயிருச்சு. அந்தக் கட்டத்துல இல்லைன்னு விழுந்துருச்சு. கீழ வந்தோம். டீ வாங்கிக் குடுத்தேன். பாதி குடிச்சா. அவளுக்கு இப்ப அளவு உண்டு, ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணிதான்னு.

இந்தா, கதவைத் திறக்காக. முடிஞ்சிருச்சு போல. கொஞ்சம் தள்ளி உக்காருங்க அண்ணாச்சி, அவ வந்ததும் தலை சுத்தும், சித்த நேரம் இருந்துட்டுத்தான் போகணும். நான் சொன்னதை எல்லாம் அவகிட்டக் கேட்டுக்கிடாதீக. என்ன, கூப்புடுதாகளா? சண்முகக்கனி கூட வந்தது யாருன்னா கேக்காக?

நான்தாம்மா. இந்தா வாரேன்.